எதிர்த்து ஓட்டுப் போட்ட சட்டத்துக்குப் பெயர் வாங்குவது எப்படி நடக்கிறது?

2023 ஜூன் கடைசி வாரத்தில் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்துக்கு ஒரு நல்ல செய்தி வந்தது. இணைய வசதி சரியாக இல்லாத பகுதிகளுக்கு அதிவேக இணைப்பு கொண்டுபோக மத்திய அரசு 140 கோடி டாலர் ஒதுக்கியிருந்தது. அந்த மாநிலத்தின் செனட்டர் டாமி டியூபர்வில் உடனே ட்விட்டரில் எழுதினார். கிராமங்கள் முன்னேற இணையம் மிக அவசியம், அலபாமாவுக்கு இந்த முக்கியமான நிதி கிடைத்ததில் மகிழ்ச்சி என்பது அதன் சாரம்.

படித்தால் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் பணம் எந்தச் சட்டத்திலிருந்து வந்ததோ, அந்தச் சட்டத்தை எதிர்த்து 2021-ல் ஓட்டுப் போட்டவர் அவர். அப்போதைய அதிபர் ஜோ பைடன் அந்தப் பதிவை எடுத்துப் போட்டு, 'அடிக்கல் நாட்டு விழாவில் பார்ப்போம்' என்று ஒரு வரி எழுதினார்.

கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது என்று நாம் சொல்வோமே, கிட்டத்தட்ட அதுதான் இது. கூடுதலாக ஒன்று: தேங்காய் வாங்கவே கூடாது என்று முதலில் தடுத்தவரே அதை எடுத்து உடைக்கிறார். அமெரிக்க அரசியலில் இது அடிக்கடி நடப்பதால், இப்படிச் செய்பவர்களைச் சாட அவர்களின் எதிரணியினர் எதுகையோடு ஒரு கோஷமே வைத்திருக்கிறார்கள். தமிழில் சொன்னால், 'ஓட்டில் வேண்டாம், நோட்டில் வேண்டும்.'

இது எப்படிச் சாத்தியமாகிறது, எது வரை நியாயம், எங்கே ஏமாற்று என்பதை அமெரிக்க உதாரணங்களை வைத்தே பார்க்கலாம். அங்கே முக்கியமான மசோதாக்களில் ஒவ்வொரு உறுப்பினரும் எப்படி ஓட்டுப் போட்டார் என்பது பெயரோடு பதிவாகிறது. யாரும் போய்ப் பார்க்கலாம்.

இந்த இடத்தில் நம்மோடு ஒரு வித்தியாசத்தைச் சொல்லிவிட வேண்டும். இந்தியாவில் 1985-ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால் உறுப்பினர் பதவியே போகலாம். பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில், 'ஆம்' என்றும் 'இல்லை' என்றும் எழும் சத்தத்திலேயே நிறைவேறிவிடுகின்றன. தனி உறுப்பினர் என்ன சொன்னார் என்ற பதிவே பல நேரம் இருக்காது. அமெரிக்காவில் கட்சியின் அழுத்தம் இல்லாமல் இல்லை, ஆனால் மீறினால் பதவி போகாது. அதனால் ஒவ்வொரு ஓட்டும் அந்த ஆளின் சொந்த ஓட்டு. அவர்தான் அதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

சரி, அந்தச் சட்டத்துக்கு வருவோம். சாலை, பாலம், ரயில், குடிநீர்க் குழாய், துறைமுகம், இணையம் எல்லாவற்றுக்குமாகச் சேர்த்து சுமார் 1.2 லட்சம் கோடி டாலர் மதிப்புள்ள உள்கட்டமைப்புச் சட்டம். இதில் 55,000 கோடி டாலர் புதிய செலவு. நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டில் 2021 ஆகஸ்ட் 10 அன்று 69-30 என்று நிறைவேறியது. பைடனின் ஜனநாயகக் கட்சியினரோடு, எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சியின் 19 பேரும் ஆதரித்தார்கள். கீழவையான பிரதிநிதிகள் சபையில் நவம்பர் 5 இரவு, நள்ளிரவை நெருங்கும் நேரத்தில் 228-206 என்று தேறியது. அங்கே ஆதரித்த குடியரசுக் கட்சியினர் 13 பேர் மட்டுமே. ஜனநாயகக் கட்சியிலிருந்தும் 6 பேர் எதிர்த்தார்கள். சமூக நலத் திட்டங்களுக்கான இன்னொரு பெரிய மசோதாவை இதோடு சேர்த்தே நிறைவேற்ற வேண்டும் என்பது அந்த ஆறு பேரின் வாதம். அதே கோரிக்கையை வைத்துப் பல வாரம் மசோதாவை நிறுத்திவைத்த அணிக்குத் தலைமை தாங்கியவர் சென்னையில் பிறந்த பிரமிளா ஜெயபால். ஆனால் கடைசியில் அவர் ஆதரித்து ஓட்டுப் போட்டார்.

செனட்டில் வைக்கப்பட்ட மசோதா 2,702 பக்கம். அத்தனைக்கும் சேர்த்து ஒரே ஓட்டு. இந்தப் பாலம் வேண்டும், அந்தச் செலவு வேண்டாம் என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. எதிர்த்தவர்கள் பிறகு சொல்லும் சமாதானங்கள் பாதி இங்கிருந்துதான் பிறக்கின்றன.

மீதிக்குக் காரணம் காலம். சட்டம் நிறைவேறும் நாளில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி எதுவும் நடப்பதில்லை. அன்று தலைப்புச் செய்தி 'இவ்வளவு கோடி செலவு' என்பதுதான். வரிப்பணம், கடன், விலைவாசி என்று பயப்படுகிற வாக்காளருக்கு அன்று 'நான் எதிர்த்தேன்' என்று சொல்வது லாபம். பணம் துறைகளுக்குப் போய், துறைகள் விதிமுறை எழுதி, மாநிலங்கள் விண்ணப்பித்து, ஊர் ஊராக ஒதுக்கீடு ஆவதற்குள் மாதங்கள், சில சமயம் வருடங்கள் ஓடிவிடும். அப்போது வரும் செய்தி வேறு மாதிரி: 'நம்ம ஊர்ப் பாலத்துக்கு இவ்வளவு.' இப்போது பக்கத்தில் நிற்பது லாபம். எதிர்ப்பு ஒரு நாள், பலன் இன்னொரு நாள் என்று ஆகிவிடுவதால் இரண்டு லாபத்தையும் ஒரே ஆள் எடுத்துக்கொள்ள முடிகிறது.

அதோடு ஒரு அலுவலக வழக்கமும் சேர்ந்துகொள்கிறது. ஒரு தொகுதிக்கு மத்திய அரசு மானியம் தரும்போது, பொதுவாக வெளியில் அறிவிக்கும் முன்பே அந்தத் தொகுதி உறுப்பினரின் அலுவலகத்துக்குத் தகவல் சொல்லிவிடுவார்கள். உறுப்பினர் மசோதாவை ஆதரித்தாரா எதிர்த்தாரா என்று பார்த்துச் சொல்வதில்லை. அதனால் உள்ளூர்ப் பத்திரிகைக்கு முதலில் போய்ச் சேருவது பெரும்பாலும் உறுப்பினரின் செய்திக்குறிப்புதான். ஆள் குறைவான சின்னப் பத்திரிகைகள் அதை அப்படியே போட்டுவிடும். வாசகர் கண்ணில் படுவது உறுப்பினர் பெயரும் தொகையும் ஒரே வரியில்.

இந்தப் 'பெயர் வாங்குதல்' அரசியல் அறிவியலில் பழைய விஷயம். டேவிட் மேஹியூ என்ற அறிஞர் 1974-லேயே, மறுபடி ஜெயிக்க நினைக்கும் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் செய்யும் வேலைகளை மூன்றாகப் பிரித்தார்: தன்னை விளம்பரப்படுத்துவது, நடந்த நல்லதுக்குப் பெயர் வாங்குவது, ஒரு பிரச்சினையில் தன் நிலைப்பாட்டை அறிவிப்பது. அந்தக் கணக்குப்படி பார்த்தால், எதிர்த்துப் போடும் ஓட்டு நிலைப்பாடு. பிறகு வரும் செய்திக்குறிப்பு பெயர் வாங்குதல். இரண்டும் வெவ்வேறு பார்வையாளர்களுக்குச் செய்யப்படுகின்றன.

இன்னொரு ஆய்வுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. ஜஸ்டின் கிரிமரும் அவர் சகாக்களும் வாக்காளர்களிடம் சோதனை செய்து பார்த்தார்கள். தொகை பெரிதா சிறிதா என்பதை மக்கள் அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை, எத்தனை தடவை அறிவிப்பு வருகிறது என்பதைத்தான் கவனிக்கிறார்கள் என்று தெரிந்தது. அதைவிட முக்கியமானது, 'நிதி கேட்டிருக்கிறேன்' என்று சொன்னாலும் 'நிதி வாங்கித் தந்தேன்' என்று சொன்னாலும் கிடைக்கிற நல்ல பெயரில் பெரிய வித்தியாசம் இல்லை. இப்படி இருக்கும்போது, ஒதுக்கீட்டில் கை வைக்காதவர்கூட ஒரு செய்திக்குறிப்பை எழுதிப் போட்டுப் பெயர் எடுத்துவிடலாம். நாம் ஏமாளிகள் என்று இதற்கு அர்த்தம் இல்லை. வேலைக்குப் போய், வீட்டைப் பார்த்து, நடுவில் செய்தி படிக்கிற எவராலும் ஒவ்வொரு அறிவிப்புக்குப் பின்னாலும் வாக்குப் பட்டியலைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

எல்லாரையும் ஒரே தராசில் நிறுத்தக்கூடாது. இதில் பல நிறங்கள் உண்டு.

முதலில் மிசிசிப்பி ஆறு. அமெரிக்காவின் நடுப்பகுதியில் விளைகிற மக்காச்சோளமும் சோயாவும் பெருமளவு இந்த ஆற்றில்தான் படகேறித் தெற்கே போகின்றன. ஆற்றில் அங்கங்கே தடுப்பணையும் அதன் ஓரமாக நீர்ப்பூட்டும் இருக்கும். படகு உள்ளே போனதும் கதவை மூடி, தண்ணீரை ஏற்றியோ இறக்கியோ அடுத்த மட்டத்துக்கு அனுப்பும் தொட்டி அது. மிசௌரியில் உள்ள 25-ஆம் எண் நீர்ப்பூட்டு 1930-களில் கட்டியது. நீளம் 600 அடி. இன்று ஒரு இழுவைப் படகு 15 சரக்குத் தெப்பங்களை ஒன்றாகக் கட்டித் தள்ளிக்கொண்டு வருகிறது, மொத்த நீளம் கிட்டத்தட்ட 1,200 அடி. உள்ளே அடங்காது. அதனால் கட்டை அவிழ்த்து, முதலில் 9 தெப்பங்களை உள்ளே விட்டு, வெளியே இழுத்து நிறுத்தி, பிறகு மீதி 6 தெப்பங்களையும் இழுவைப் படகையும் கொண்டுவந்து, மறுபடி சேர்த்துக் கட்டுகிறார்கள். ஒரே மூச்சில் முடிய வேண்டியது இரண்டு தவணை ஆகிறது. பின்னால் வருகிற படகு அதுவரை காத்துக் கிடக்க வேண்டும். அறுவடைக் காலத்தில் இது எவ்வளவு எரிச்சல் என்று நினைத்துப் பாருங்கள்.

2022 ஜனவரியில் இந்த ஆற்று வேலைகளுக்கு, 1,200 அடிப் புதிய நீர்ப்பூட்டு உட்பட, 82.9 கோடி டாலர் அறிவித்தார்கள். பணம் அதே உள்கட்டமைப்புச் சட்டத்திலிருந்து. அயோவாவின் பிரதிநிதி ஆஷ்லி ஹின்சன், நிலைமையையே மாற்றப்போகிற நிதி இது என்று வரவேற்று அறிவித்தார். அவர் அந்தச் சட்டத்தை எதிர்த்து ஓட்டுப் போட்டவர். கேள்வி எழுந்தபோது, மசோதாவை எதிர்த்தது உண்மை, ஆனால் பணம் செலவாகப்போகிறது என்றான பிறகு அது அயோவா விவசாயிக்குப் பயன்பட வேண்டும் என்று போராடுவது தன் கடமை என்று பதில் வந்தது. சட்டம் வந்த பிறகு இந்த வேலைக்கு முன்னுரிமை கேட்டு, ஆற்று வேலைகளைக் கவனிக்கும் ராணுவப் பொறியாளர் பிரிவுக்கு எழுதிய கடிதத்தில் அவரும் கையெழுத்துப் போட்டிருந்தார்.

இந்தப் பதிலில் நியாயம் உண்டு என்றுதான் நான் நினைக்கிறேன். தொகுதி மக்களும் வரி கட்டுகிறார்கள். தங்கள் பிரதிநிதி எதிர்த்தார் என்பதற்காக அவர்களுக்கு நீர்ப்பூட்டு வேண்டாமா? கேட்டு வாங்குவது தப்பில்லை, கேட்காமல் விட்டால்தான் தப்பு. ஆனால் அறிவிக்கும்போது, 'நான் எதிர்த்த சட்டத்திலிருந்து வந்த பணம் இது' என்று ஒரு வாக்கியம் சேர்க்க என்ன தடை? அயோவாவின் மூத்த செனட்டர் சக் கிராஸ்லி அதே குடியரசுக் கட்சிக்காரர்தான், ஆனால் அவர் ஆதரித்து ஓட்டுப் போட்டார். ஆகவே அந்த மாநிலத்தில், அந்தக் கட்சியில், அந்த ஓட்டைப் போடவே முடியாது என்று சொல்லிவிட முடியாது.

கேட்டு வாங்குவதிலும் மறைத்துக் கேட்பது என்று ஒன்று உண்டு. 2009-ல் ஒபாமா கொண்டுவந்த 78,700 கோடி டாலர் பொருளாதார ஊக்கச் சட்டத்துக்குப் பிரதிநிதிகள் சபையில் ஒரு குடியரசுக் கட்சிக்காரர்கூட ஓட்டுப் போடவில்லை. கடுமையாக எதிர்த்தவர்களில் ஒருவர் விஸ்கான்சினின் பால் ரையன். அவரே தன் மாநில நிறுவனங்களுக்கு அந்த நிதியிலிருந்து பணம் கேட்டு எரிசக்தித் துறைக்கு எழுதியிருந்தார். முதலில் கேட்கவே இல்லை என்றார். கடிதங்கள் வெளிவந்த பிறகு, தொகுதிக்காரர்கள் கொடுத்த வழக்கமான கோரிக்கை போல அலுவலகம் அனுப்பிவிட்டது என்று 2012-ல் ஒப்புக்கொண்டார். அந்த வருடம் இருவரும் மோதிய துணை அதிபர் வேட்பாளர் விவாதத்தில் பைடன் அந்தக் கடிதங்களை நேருக்கு நேர் எடுத்துச் சொன்னார்.

அடுத்த வகைதான் எனக்கு உண்மையிலேயே சிக்கலாகப் படுவது: மசோதாவின் ஒரு பகுதியை உழைத்துச் சேர்த்தவர், ஆனால் மொத்த மசோதாவை எதிர்த்தவர். கொரோனா காலத்தில், 2021 மார்ச்சில், 1.9 லட்சம் கோடி டாலர் நிவாரணச் சட்டம் வந்தது. இரண்டு சபையிலும் குடியரசுக் கட்சியின் ஓட்டு ஒன்றுகூட அதற்கு விழவில்லை. அது நிறைவேறிய அன்றே மிசிசிப்பி மாநிலத்தின் செனட்டர் ரோஜர் விக்கர், சிறு உணவகங்களுக்கு 2,860 கோடி டாலர் உதவி கிடைத்துவிட்டது, இதனால் அவை தாக்குப்பிடிக்கும் என்று எழுதினார். 'நீங்கள் எதிர்த்துத்தானே ஓட்டுப் போட்டீர்கள்' என்று நாடே கேட்டது. ஆனால் உணவகங்களுக்கான உதவித் திட்டத்துக்கு அவர் முன்பிருந்தே உழைத்தவர், அரிசோனாவின் ஜனநாயகக் கட்சி செனட்டர் கிர்ஸ்டன் சினமாவோடு சேர்ந்து அதற்கான திருத்தத்தைக் கொண்டுவந்தவர். ஒன்றிரண்டு நல்ல அம்சங்களுக்காக அத்தனை பெரிய தொகையை ஆதரிக்க முடியாது என்பது அவர் வாதம். இதே விக்கர் அதே வருடம் உள்கட்டமைப்பு மசோதாவை ஆதரித்த 19 பேரில் ஒருவர் என்பதையும் சொல்ல வேண்டும்.

அலபாமாவின் பிரதிநிதி கேரி பாமர் கதையும் அதே ஜாதி. பர்மிங்காம் நகரின் வடக்கு வட்டச்சாலைக்கு நிதி வர வழி செய்யும் பகுதிக்காக அவர் முயன்றது உண்மை. மசோதாவை எதிர்த்ததும் உண்மை. சட்டத்தில் கையெழுத்து விழுந்த வாரமே அந்தச் சாலை நிதிக்குப் பெருமை தேடிக்கொண்டதும் உண்மை.

இந்த இருவருக்கும் அந்தப் பகுதிக்கான பெயரில் பங்கு கொடுக்கலாம். ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. அவர்கள் விருப்பப்படி ஓட்டு முடிந்திருந்தால் மசோதா தோற்றிருக்கும், அவர்கள் சேர்த்த பகுதியும் அதோடு போயிருக்கும். வாஷிங்டனில் இதற்கும் ஒரு சொல்வழக்கு உண்டு: எதிர்த்து ஓட்டுப் போடு, தேறிவிட வேண்டும் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொள். அந்த வேண்டுதல் பலிக்க வேறு யாராவது ஆதரித்து ஓட்டுப் போட வேண்டுமே!

அந்த 'வேறு யாராவது' என்ன ஆனார்கள் என்பதுதான் என் மனதை உறுத்துகிறது. பெயர் வாங்குவதைச் சின்னப் பொய் என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். ஆதரித்து ஓட்டுப் போட்ட 13 பேரையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். அவர்களுடைய அலுவலகத் தொலைபேசி எண்களைச் சொந்தக் கட்சியின் உறுப்பினரே சமூக ஊடகத்தில் போட்டு, துரோகிகள் என்றார். மிச்சிகனின் ஃபிரெட் அப்டனுக்கு அவரும் குடும்பமும் அலுவலக ஊழியர்களும் சாக வேண்டும் என்று குரல் பதிவு வந்தது. அதைத் தொலைக்காட்சியிலேயே ஒலிபரப்பினார்கள். 1987 முதல் பதவியில் இருந்தவர் அடுத்த தேர்தலில் நிற்கவில்லை. தொகுதி எல்லை மாறியது உட்பட அதற்கு வேறு காரணங்களும் உண்டு.

மேற்கு வர்ஜீனியாவின் டேவிட் மெக்கின்லி நின்றார். பாலங்கள் மிக மோசமாக இருக்கும் மாநிலங்களில் ஒன்று அது. மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பிறகு மாநிலத்துக்கு ஒரு தொகுதி குறைந்துவிட்டதால், பதவியில் இருந்த இரண்டு குடியரசுக் கட்சிக்காரர்கள் ஒரே தொகுதிக்கு மோத வேண்டி வந்தது. மெக்கின்லி மசோதாவை ஆதரித்தவர். எதிரில் நின்ற அலெக்ஸ் மூனி எதிர்த்தவர். ட்ரம்பின் ஆதரவு மூனிக்கு. மெக்கின்லி மேல் வைத்த முக்கியக் குற்றச்சாட்டே அந்த ஓட்டுதான். 2022 மே மாத உள்கட்சித் தேர்தலில் மெக்கின்லி தோற்றார்.

அதனால்தான் இதை வெறும் தற்பெருமை என்று என்னால் விட முடியவில்லை. எதிர்த்தால் ஒன்றும் இழக்காமல் பெயர் வரும், ஆதரித்தால் பெயரும் பங்கு போகும், பதவியும் போகலாம் என்றால், அடுத்த மசோதாவுக்கு ஆதரவு தர எவர் துணிவார்? பாலம் வேண்டும் என்பவர்கள் எல்லாரும் எதிர்த்து ஓட்டுப் போட ஆரம்பித்தால் பாலம் வராது.

இது ஒரு கட்சியின் குணம் என்றும் நினைக்க வேண்டாம். நான் சொன்ன உதாரணங்கள் எல்லாம் ஜனநாயகக் கட்சி ஆட்சியில் வந்த பெரிய செலவுச் சட்டங்கள், அதனால் எதிர்த்தவர்களும் பெரும்பாலும் குடியரசுக் கட்சியினர். செலவுக்கான சட்டம் வரும் நேரத்தில் எதிரணியில் இருப்பவர் யாராக இருந்தாலும் இந்த ஆசை வரும்.

இப்படி ஒரு அறிவிப்பைப் பார்த்தால் நான் முதலில் வினைச்சொல்லைத்தான் தேடுவேன். 'நிதி கிடைத்தது', 'ஒதுக்கப்பட்டுள்ளது' என்று எழுதினால் யார் செய்தார்கள் என்பதே வாக்கியத்தில் இல்லை. செயப்பாட்டுவினைக்குள் ஆளை ஒளித்துவிடலாம். தொகைக்குப் பக்கத்தில் இருக்கும் பெயரை வாசகர் மனமே எழுவாயாகச் சேர்த்துக்கொள்ளும். டியூபர்வில் எழுதியதும் இந்த ரகம்தான். அலபாமாவுக்குக் கிடைத்தது என்றார், நான் வாங்கித் தந்தேன் என்று சொல்லவில்லை. பிறகு அவர் தரப்பு சொன்னது, வரிப்பணம் வீணாகிறது என்றுதான் எதிர்த்தார், சட்டமான பின் அலபாமாவுக்கு உரிய பங்கு வர வேண்டும் என்று. அதை முதல் பதிவிலேயே எழுதியிருந்தால் எனக்கு அவர் மேல் ஒரு குறையும் இருந்திருக்காது. 'கொண்டுவந்தேன்', 'வாங்கித் தந்தேன்' என்று தன்மையில் எழுதுபவரிடம் அடுத்த கேள்வியை நேராகவே கேட்கலாம்: எந்தச் சட்டத்தில், எந்த ஓட்டால்?

சட்டத்தின் பெயர் தெரிந்துவிட்டால் மீதி சுலபம். துறையின் அறிவிப்பில் நிதி எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறது என்று பெரும்பாலும் எழுதியிருக்கும். இரண்டு சபைகளின் வாக்குப் பட்டியலும் இணையத்தில் இலவசம். உள்கட்டமைப்புச் சட்டம் என்றால் மசோதா எண் எச்.ஆர். 3684. 2021 நவம்பர் 5-ஆம் தேதிப் பட்டியலைத் திறந்தால் ஆதரித்த 228 பெயர்கள் ஒரு பக்கம், எதிர்த்த 206 பெயர்கள் இன்னொரு பக்கம். மெக்கின்லியின் பெயர் முதல் பட்டியலில் இருக்கிறது. மூனி, ஹின்சன், பாமர் மூவரும் இரண்டாவதில்.